வாடூஸ் போன சனிக்கிழமை

உங்க மகன் கூப்பிடுறான், போலாமா வேண்டாமான்னு கேட்டீகல்ல? போகாதீக. நான் சொல்றேன், போகாதீக. சுவிட்சர்லாந்து சுவிட்சர்லாந்துன்னு வாயப் பொளந்துக்கிட்டுப் பேசுறாகளே, நான் இருபத்தாறு நாள் இருந்து பாத்துட்டு வந்தவ. விசா தொண்ணூறு நாளைக்குக் குடுத்தாக. இருபத்தாறாவது நாளு ப்ளைட் ஏறிட்டேன். ஏன் வந்துட்டே, ஏன் வந்துட்டேன்னு தெருவே கேட்டுச்சு. தண்ணி ஒத்துக்கலன்னு சொல்லி வச்சிருக்கேன். உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க யாரோ நான் யாரோ.

என் பேரு வேலம்மாள். தபால் ஆபீஸ்ல முப்பத்தாறு வருசம். கடைசி ஒம்பது வருசம் போஸ்ட் மாஸ்டர். ஒரே மக, மங்கையர்க்கரசி. அரசின்னு கூப்பிடுறது. சூரிச்ல கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளை கதிரவன், அவருக்கும் அங்கதான். தங்கமான மனுசன், ஆனா நாலு வார்த்தை சேத்துப் பேச வராது.

பிரசவம் பாக்கத்தான் எனக்கு டிக்கெட் போட்டது. மே மாசம் நாலாந்தேதிக்கு. நடுவுல, பொங்கலுக்கு முந்தின வாரம், அஞ்சாம் மாசத்துல அது தங்காமப் போயிருச்சு. போன்ல மாப்பிள்ளைதான் சொன்னாரு. நான் அரசிகிட்டக் குடுங்கன்னேன். "ராவும் பகலும் லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா எப்படிட்டீ தங்கும்?"னு கேட்டேன். பெத்தவ கேக்காம வேற யாரு கேப்பா? போன மாப்பிள்ளைகிட்டயே குடுத்துட்டா. அன்னைலருந்து சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அத்தோட சரி.

டிக்கெட்ட என்ன செய்யன்னு மாப்பிள்ளை கேட்டாரு. போட்டது போட்டதுதான், வர்றேன்னுட்டேன். பெரிய மனுசி ஒருத்தி வீட்டுல இருந்தா ஆறுதல்தானே. ஆறுதலுக்குத்தான போனேன்.

போனா, அது வீடா? குளியலறையில ஒரு சொட்டுத் தண்ணி கீழ விழுகக் கூடாது. ஞாயித்துக்கிழமை மிக்ஸி போடக் கூடாது. சத்தமா தும்மினா எதிர்வீட்டுக்காரி திரும்பிப் பாக்கிறா. பாலு பச்சத்தண்ணி கணக்கா இருக்கு. கருவேப்பிலைன்னு ஒண்ணு வாங்கியாந்தா, மோந்து பாக்கிறேன், காகிதம் மாதிரி இருக்கு. நான் ஒவ்வொண்ணையும் சொல்லுவேன். சொன்னாத்தான மாத்துவாக? அரசி எந்திரிச்சு உள்ள போயிருவா.

பக்கத்துல ஒரு குட்டி நாடு இருக்கு, லிக்டன்ஸ்டைன்னு. பேரு வாயில நுழையுறதுக்குள்ள நாட்டையே தாண்டிப் போயிரலாம். மலைக்கும் ஆத்துக்கும் நடுவுல சொருகின மாதிரி இருக்கும். அந்த நாடு ஸ்டாம்புக்குப் பேரு போனது. தபால்காரிக்குத் தெரியாதா? ஒரு தடவை பாக்கணும்னேன். சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேம்மான்னு அரசிதான் வாயால சொன்னா. நான் ஒண்ணும் கேட்டு நச்சரிக்கல.

சனிக்கிழமை காலைல ஆறு மணிக்குக் குளிச்சு, புளியோதரை கிண்டி டப்பாவுல அடைச்சு, சேலை கட்டித் தயாரா உக்காந்திருக்கேன். எட்டாச்சு, ஒம்பதாச்சு. கதவத் தட்டினா, கட்டில்ல செவத்தப் பாத்துப் படுத்திருக்கா. "இன்னைக்கு முடியலம்மா. நாளைக்குப் போவோமா?"ங்கிறா. காய்ச்சலான்னு தொட்டுப் பாத்தேன், இல்ல. மாப்பிள்ளை வாசல்ல நின்னுக்கிட்டு, "அத்தை, இன்னைக்கு வேண்டாம். அவளுக்கு மனசு சரியில்ல"ன்னாரு. சரி, என்னைக்கு மனசு சரியா இருந்துச்சு? நான் வந்து இருபது நாளா அப்படித்தான் இருக்கு.

எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "நான் முப்பத்தாறு வருசம் சர்க்கார் உத்தியோகம் பாத்தவ. எனக்குப் போகத் தெரியும்"னேன். மாப்பிள்ளை என்ன சொல்லியும் கேக்கல. கடைசில ஒரு தாள்ல எந்த ரயிலு, எங்க எறங்கணும், எந்த பஸ்ஸுன்னு எழுதிக் குடுத்தாரு. பாவம், ஸ்டேசன் வரைக்கும் வந்து ஏத்தியும் விட்டாரு. அரசியோட கனத்த ஜாக்கெட்டையும் பூட்ஸையும் கையில வச்சிருந்தாரு, போட்டுக்கங்க அத்தைன்னு. வெயிலு பளீர்னு அடிக்குது, எதுக்கு அந்த மூட்டைன்னு திருப்பிக் குடுத்துட்டேன். என் ஸ்வெட்டரும் கட் ஷூவும் போதாதா?

அந்த வெயில நம்பினேன் பாருங்க. ரயிலு ஒரு மணி நேரம். எறங்குறேன், மழை. பஸ்ஸு ஏறுறேன், வெயிலு. ஆத்துப் பாலத்தத் தாண்டினா அந்தக் குட்டி நாடு. ஒரு போலீஸ்காரன் உண்டா, ஒரு கேட்டு உண்டா, ஒண்ணு கிடையாது. நம்ம ஊர்ல டோல்கேட்டுல கூட நிப்பாட்டிக் கேள்வி கேப்பான். அந்தப் பாலத்தத் தாண்டினதும் என் போனு செத்துப் போச்சு. அந்த சிம்மு சுவிஸுக்குள்ளதான் வேலை செய்யுமாம், அது வேற நாடாம். எல்லையில கேட்டுப் போடத் தெரியல, என் போன மட்டும் நிறுத்தத் தெரியுது.

வாடூஸ்ங்கிறது தலைநகரம். தலைநகரம்னா நீங்க என்ன நினைப்பீக? ஒரே ஒரு தெரு. நம்ம தேரடியில பாதி காணாது. எறங்கிப் பத்து நிமிசத்துல கல்லு கல்லா ஆலங்கட்டி மழை. ஒரு கடை வாசல்ல ஒண்டினேன். அது நிக்கிறதுக்குள்ள வெயிலு. குடைய மடக்குறேன், காத்து வந்து குடையத் திருப்பிருச்சு. குடிச்சுட்டு வந்த ஆளு மாதிரி, இந்தா சிரிக்கிது, இந்தா அழுகுது, அது ஒரு வானமா?

மேல பாறை மேல ஒரு கோட்டை. ராஜா குடும்பம் அங்க இருக்காம். உள்ள விட மாட்டாகளாம். விடலன்னா எதுக்கு எல்லாரும் அண்ணாந்து பாக்கணும்? ஒரு பஸ்ஸு நெறைய வடக்கத்திக்காரக வந்து எறங்கி, அந்தக் கோட்டையக் கையில ஏந்துற மாதிரி நின்னு நின்னு போட்டோ எடுக்காக. தபால் மியூசியத்துக்குப் போனேன். ஸ்டாம்பு எல்லாம் கண்ணாடிக்குள்ள, தங்க வளையல் கணக்கா வரிசையா. அதுல ஒண்ணாவது முத்திரை குத்தினது இல்ல. லெட்டர்ல ஒட்டி, மழையில நனைஞ்சு, ஊரு ஊராப் போனாத்தானே அது ஸ்டாம்பு? பொத்திப் பொத்தி வச்சா அது என்ன? அங்க இருந்த பொம்பளைகிட்ட நான் போஸ்ட் மாஸ்டர்னு இங்கிலீஷ்ல சொன்னேன். "ஓ, நைஸ்"ங்கிறா. அவ்வளவுதான். எந்திரிக்கக் கூட இல்ல.

எல்லாம் பாத்து முடிச்சா மணி பன்னெண்டுதான். பன்னெண்டு மணிக்குக் கெளம்பிப் போய் வீட்டு வாசல்ல நின்னா, அதுக்குள்ள வந்துட்டியான்னுல்ல ஆகும்? ஒரு பச்சை பஸ்ஸு நின்னுச்சு. எங்க போகுதுன்னேன். மலை மேல, மால்பூன்னு ஒரு ஊரு, அதுதான் கடைசின்னான் டிரைவர். ஏறி உக்காந்துட்டேன். மாப்பிள்ளை எழுதின தாள்ல அது இல்லதான். அவரு எழுதினபடிதான் நான் நடக்கணுமா?

வளைஞ்சு வளைஞ்சு ஏறுது. ஒரு மலைக்குகை மாதிரி சுரங்கம். அதுக்கு இந்தப் பக்கம் பச்சப்புல்லு, மாடு, மணிச்சத்தம். அந்தப் பக்கம் போனா வெள்ளை. பனி! மே மாசம் இருபத்து மூணாந்தேதி, நம்ம ஊர்ல அக்கினி நட்சத்திரம், அங்க பனி கொட்டுது. கடைசி ஸ்டாப்புல நான் ஒருத்திதான் எறங்கினேன். பஸ்ஸு திரும்பிப் போயிருச்சு. பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. ஓட்டலு எல்லாம் பூட்டிக் கெடக்கு. பனிக்கு வர்ற கூட்டம் முடிஞ்சு, வெயிலுக்கு வர்ற கூட்டம் இன்னும் வரலையாம். மலை எங்க இருக்குன்னு பாத்தா, மூஞ்சிக்கு முன்னால மூடுபனி. கைய நீட்டினா விரலு தெரியல. இதப் பாக்கத்தான் வந்தேன்.

அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கேன்னு நாலு எட்டு நடந்தேன். சேலை நுனியெல்லாம் சொதசொதன்னு நனைஞ்சு காலோட ஒட்டுது. ஷூவுக்குள்ள தண்ணி. ஒரு சரிவுல வழுக்கி, உக்காந்த வாக்குல விழுந்தேன். கணுக்காலு மடங்கிருச்சு. எந்திரிக்க முடியல. புளியோதரை டப்பா உருண்டு எங்கயோ போயிருச்சு. யாராவது இருக்கீகளான்னு கத்துறேன். எந்தப் பாசையில கத்துறது? தமிழ்லதான் கத்தினேன்.

"ஆரது? அம்மா, தமிழோ?"

பக்கத்து ஓட்டலோட பின்கதவத் தொறந்துக்கிட்டு ஒரு ஆளு ஓடி வாராரு. ஏப்ரன் கட்டியிருக்காரு, கையில ரப்பர் உறை. ஐம்பது வயசு இருக்கும். "ஏனம்மா இந்தக் குளிருக்கை வெளியிலை வந்தனீங்கள்? என்ரை தோளைப் பிடியுங்கோ, மெல்ல எழும்புங்கோ"ன்னு தூக்கி நிறுத்தி, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு. தவராசான்னு பேரு. யாழ்ப்பாணத்துக்காரரு. பத்தொம்பது வருசமா அங்க ஓட்டல்கள்ல வேலையாம். மூடியிருக்கிற நேரத்துல அடுப்படியக் கழுவித் துடைக்க ஒத்த ஆளா இருக்காரு. பாத்திரம் கழுவுறவருதான். நான் ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர்னு சொன்னேன். "அப்பிடியோ, நல்லதம்மா. முதல்ல சப்பாத்தைக் கழட்டுங்கோ, ஈரம்"னுட்டாரு. ஷூவத்தான் சப்பாத்துங்கிறாரு.

அவரு காலுறையக் குடுத்தாரு. ஆம்பிளை காலுறைய நான் என்னைக்குப் போட்டேன்? போட்டுக்கிட்டேன், என்ன செய்ய. உறைஞ்ச பட்டாணி ஒரு பொட்டலத்த எடுத்துக் கணுக்காலுல வச்சுக் கட்டிவிட்டாரு. தேத்தண்ணி குடுத்தாரு, சீனிய அள்ளிக் கொட்டியிருக்காரு. அப்புறம் என் மக நம்பரக் கேட்டாரு.

அரசி முதல் மணியிலேயே எடுத்துட்டா. மணி ரெண்டரை. நான் பேசுறதுக்குள்ள அவ குரலு கேக்குது, "அம்மாவா? அம்மா இருக்காங்களா? நல்லா இருக்காங்களா?"ன்னு. பதினோரு மணிலருந்து நூறு தடவை போன் பண்ணினாளாம். நான் போன வாங்கி, "இங்க ஒரே பனி. ஊரா இது?"ன்னேன். "அங்கயே இரும்மா. அசையாத. நான் வர்றேன்"ன்னு வச்சுட்டா. மாப்பிள்ளை என்னைத் தேடி ரயிலேறி வாடூஸுக்கே போயிட்டாராம்.

அந்த மனுசன் எனக்குச் சோறு வடிச்சாரு. அவருக்கு மீன் குழம்பு இருந்துச்சு, சனிக்கிழமை நான் கவிச்சி தொட மாட்டேன்னேன். உடனே பருப்புக் கழுவி, தேங்காய்ப் பாலு ஊத்தித் தனியா ஒரு கறி வச்சாரு. ஒரு பெருங்காயம் கிடையாது அதுல. பருப்புக்குப் பெருங்காயம் போடணும்னு சொன்னேன். "அடுத்த முறை போடுறன் அம்மா"ன்னு சிரிக்காரு. அடுத்த முறை நான் எதுக்கு அங்க போறேன்?

நாலரைக்கு அரசி வந்தா. அந்தப் பனியில தனியாக் கார ஓட்டிக்கிட்டு. தலை சீவல, வீட்டுல போட்டிருந்த சட்டையோட. வந்ததும் என் ரெண்டு கையையும் பிடிச்சுப் பாத்தா, காலத் தொட்டுப் பாத்தா. நான், "பூட்ஸு போடாம வந்தேன்னுதான திட்டப் போற"ன்னேன். அவ திட்டல. கையெடுத்துத் தவராசாவக் கும்பிட்டா.

அவரு, "இருங்கோ பிள்ளை. சாப்பிட்டிட்டுப் போகலாம். முகத்திலை பசி தெரியுது"ன்னு ஒரு தட்டப் போட்டாரு. சாப்பிட்டா பாருங்க! இருபது நாளா நான் சுட்ட இட்லியப் பிய்ச்சுப் பிய்ச்சுத் தட்டுலயே வச்சவ, பெருங்காயம் போடாத அந்தப் பருப்ப மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டா. எனக்கு என்ன மாதிரி இருந்துச்சுன்னு நினைக்கிறீக? வேத்து ஆளு அடுப்படில, பாத்திரம் கழுவுற தொட்டிக்குப் பக்கத்துல.

அந்த மனுசன் சும்மா இருந்திருக்கலாம். "பிள்ளையள் இருக்கோ?"ன்னு கேட்டாரு. கேக்கிற கேள்வியா அது? நான் வாயத் தொறக்கப் போறேன், பேச்ச மாத்தணும்னு. அதுக்குள்ள அரசி சொல்லிட்டா.

"இன்னைக்குத்தான் குழந்தை பொறந்திருக்கணும், அண்ணா. டாக்டர் குடுத்த தேதி இன்னைக்குத்தான்."

எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது. மே மாசம்னு தெரியும். தேதி யாரு எங்கிட்டச் சொன்னா? நான் கேட்டேனான்னு கேப்பீக. கேக்கலதான்.

அவரு கையில இருந்த கரண்டியக் கீழ வச்சுட்டு, அவளுக்கு எதுக்க ஸ்டூலப் போட்டு உக்காந்தாரு. அச்சச்சோன்னு சொல்லல. உச்சு கொட்டல. "பேர் வைச்சனீங்களோ?"ன்னு கேட்டாரு.

அஞ்சு மாசத்துல போனதுக்குப் பேரான்னு எனக்கு. ஆனா அவ தலைய ஆட்டினா. பேரச் சொன்னா. பொம்பளப்புள்ளையாம். அதுவும் எனக்கு அப்பத்தான் தெரியும்.

அப்புறம் அவ நிறுத்தல. ஆஸ்பத்திரில துணியில சுத்தி அவ கையில குடுத்தாகளாம். ரெண்டு பேரும் ஒரு ராத்திரி பூரா வச்சிருந்தாகளாம். விரல்ல நகம் இருந்துச்சாம். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு இடுகாட்டுல ஒரு மூலை இருக்காம், அங்க வச்சிருக்காகளாம், சின்னக் கல்லு ஒண்ணு நட்டு. எந்த இடுகாடுன்னு சொன்னா. நான் மளிகை வாங்க தினமும் போற டிராமு அதத் தாண்டித்தான் போகும். என்ன பெரிய தோட்டம், இவ்வளவு எடத்த வீணாப் போட்டிருக்காகளேன்னு நான் அவகிட்டயே சொல்லியிருக்கேன்.

நான் அங்கதான் இருக்கேன், ரெண்டு அடி தள்ளி, பட்டாணிப் பொட்டலத்தக் காலுல கட்டிக்கிட்டு. பெத்த தாயி. முன்னப்பின்ன தெரியாத மனுசன்கிட்ட எல்லாத்தையும் சொல்லுறா. அழுகுறா. எங்கிட்ட இருபது நாள்ல ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்ல. எனக்கு அருவருப்பா வந்துச்சு. என்ன அருவருப்புன்னு கேக்காதீக. அந்த அடுப்படி, அந்த ஈரச்சேலை, அந்தக் காலுறை, எல்லாமே. தவராசா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "அழுங்கோ பிள்ளை. இஞ்சை ஒருத்தரும் இல்லை."

ஒருத்தரும் இல்லையாமே. நான் இருந்தேனே.

எறங்கி வரும்போது சுரங்கத்தத் தாண்டினதும் பனி நின்னு போச்சு. கீழ ஆத்து மேல வெயிலு. மாப்பிள்ளைய வாடூஸ்ல ஏத்திக்கிட்டோம். மனுசன் தெப்பமா நனைஞ்சிருந்தாரு, என் காலப் பாத்துட்டுத்தான் சீட் பெல்ட்டு போட்டாரு. கொஞ்ச தூரம் போனதும் நான்தான் ஆரம்பிச்சேன். "யாரோ ஒருத்தர்கிட்டச் சொல்லத் தெரியுது. எங்கிட்டச் சொன்னா என்ன?"

அரசி ரோட்டப் பாத்துக்கிட்டே, "நீ வந்து எறங்கினப்போ ஏர்போர்ட்ல உன்னக் கட்டிப்பிடிச்சேன்ல? அப்ப நீ சொன்ன முதல் வார்த்தை என்னன்னு ஞாபகம் இருக்காம்மா?"ன்னா.

இருக்கு. ஏன் இல்லாம? ப்ளைட்ல குடுத்த உப்புமா வேகலன்னு சொன்னேன். வேகல, சொன்னேன். வேகாதத வேகலன்னு சொல்லக் கூடாதா?

"அன்னைக்கு உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லணும்னுதாம்மா வந்தேன்"னா. அவ்வளவுதான். கோவமா சொன்னாலாவது நான் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். ரொம்ப மெதுவாச் சொன்னா. மாப்பிள்ளை ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்தாரு. வழி நெடுக மழையும் வெயிலும் மாறி மாறி. நான் அந்த ரோட்டப் பத்தி, அந்த மலையப் பத்தி, ஒண்ணும் சொல்லல. வீடு வர்ற வரைக்கும் வாயே தொறக்கல. அதுவுமா குத்தம்?

மறுநாளே மாப்பிள்ளைகிட்ட டிக்கெட்ட மாத்தச் சொன்னேன். அரசி, "இரும்மா. எதுக்குப் போற?"ன்னுதான் சொன்னா. பொய்யில்ல, ரெண்டு தடவை சொன்னா. எனக்குத்தான் இருக்க முடியல. இருந்தா என்னைக்காவது ஒரு நாளு எங்கிட்டயும் சொல்லுவா. சொன்னா நான் என்ன சொல்லுவேன்? என் வாயில என்ன வரும்னு எனக்கே தெரியல. தண்ணி ஒத்துக்கலன்னேன்.

கெளம்புறதுக்கு முந்தின நாளு, மளிகைக்குப் போறேன்னு நொண்டிக்கிட்டே போயி, அந்த இடுகாட்டு ஸ்டாப்புல எறங்கிட்டேன். அந்த மூலையக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரமாச்சு. விலாசம் தேடுறதுல என்னை மிஞ்ச ஆளு கிடையாது, ஆனாலும் முக்கால் மணி நேரம். முழங்கை அளவு கூட இல்லாத கல்லு கல்லா இருக்கு. பேரப் படிச்சுப் படிச்சுப் பாத்து, கண்டுபிடிச்சேன். தமிழ்ல ஒரு வரி, அவுக பாசையில ஒரு வரி. கல்லு மேல மழைத் தண்ணியும் இலையும் அப்பிக் கெடக்கு. இவ்வளவு பெரிய தோட்டத்த வச்சுருக்கானுக, கூட்டிப் பெருக்க ஆளு இல்ல. முந்தானைய வச்சு நல்லாத் துடைச்சுட்டு வந்தேன். அரசிகிட்டச் சொல்லல.

பேரா? பேரு எதுக்குங்க உங்களுக்கு? அவ எங்கிட்ட இன்னும் சொல்லல. தவராசாகிட்டச் சொன்னதத்தான் நான் கேட்டேன். ஒட்டுக்கேட்ட பேர நான் எப்படி இன்னொருத்தருக்குச் சொல்லுவேன்? அவ வாயால எங்கிட்டச் சொல்லணும். அதுக்கு நான் கேக்கணும்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் வருது. கேட்டுரணும்னுதான் எடுக்கிறேன். "அங்க மழையா, வெயிலா?"ன்னு கேக்கிறேன். "ரெண்டும்தாம்மா"ங்கிறா. சரின்னு வச்சிருதேன்.